பருத்தித்துறைப் பகுதியில் முன்னோரைத் தேடுதல்: பொதுப்பதிவுகளும் அவற்றின் சமூக அடிப்படையும்

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் மூத்தோரிடம் அவர்தம் முன்னோரைப் பற்றி வினவினால், பூட்டன் பூட்டி வரையிலான செய்திகள் பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு மேலே செய்தி அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து நினைவு ஒரே தாவலிற் கைலாயமாலையும் யாழ்ப்பாண வைபவமாலையும் கூறும் குடியேற்றக் காலத்துக்குச் சென்றுவிடும். திருநெல்வேலியிற் குடியிருத்தப்பட்ட பாண்டிமழவனைப் போன்ற தலைவரொருவரிடமிருந்து தம் குலம் தொடங்கியதாகக் கூறுவோர் பலர். அத்தலைவர்களோடு வந்த அடிமை குடிமைகளின் வழியில் வந்தோமெனக் கூறுவார் எவரையும் நாம் கண்டதில்லை. வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில், அவ்வாட்சியின் அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்டது. அது எழுதப்பட்ட காலத்தின் மேன்மக்கள் தம் மேன்மைக்கு எத்தகைய தொடக்கத்தை விரும்பினர் என்பதையே அது நமக்கு முதலில் உணர்த்துகின்றது.

பூட்டனுக்கும் பாண்டிமழவனுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை வெற்றிடமாகக் கொள்வது பொருந்தாது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய காலந்தொட்டு மூன்று அந்நிய ஆட்சிகள் இங்கு மக்களை எண்ணியும் நிலத்தை அளந்தும் வரியை விதித்தும் ஏடுகளை நிரப்பியுள்ளன. அவ்வேடுகளிற் பருத்தித்துறைக் குடும்பமொன்றின் வரலாற்றை எவ்வாறு தேடலாம், அத்தேட்டத்தில் யார் அகப்படுவர், யார் அகப்படார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மைக்காலத்திலிருந்து பின்னோக்கிச் செல்வதே முறை. தேடுவோர் கையில் முதலில் இருப்பது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இலங்கையிற் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1867இல் இயற்றப்பட்டது. பதிவு உடனடியாக எல்லோரையும் சென்றடைந்துவிடவில்லை. பாடசாலைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் பிள்ளையை அனுப்ப எண்ணிய குடும்பத்துக்கே அப்பத்திரம் வேண்டியிருந்தது. வயலிலும் கடலிலும் பனையிலும் தொழில் செய்தவனுக்கு அதனால் ஆகும் பயன் எதுவுமில்லை. ஆதலின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் இல்லையெனின் அவர் அவ்வூரிற் பிறக்கவில்லையென முடிவு கட்டுதல் தவறாகும்.

இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் வேறு நாடுகளில் அரிதாகவே காணப்படும் ஒரு கூறு உண்டு. பிள்ளையின் பாட்டனும், சில நிலைமைகளிற் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் அதிற் கேட்கப்படுகின்றன. குடும்ப வரலாற்றாய்வாளனுக்கு இது வரப்பிரசாதம் போலத் தோன்றும். ஆயின் அது தோன்றிய காரணம் வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவர் வம்சாவழிக் குடியுரிமை பெறுவதற்கு அவர்தம் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. பதிவு தொடங்கி எண்பது ஆண்டுகளே கழிந்திருந்த நாட்டில், தோட்டத்து லயங்களிற் பிறந்து பதிவேதுமின்றி வாழ்ந்த மலையகத் தொழிலாளி தன் பூட்டனின் பிறப்பை எங்ஙனம் நிரூபிப்பான்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியோரின் சிக்கல் சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கற் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முன்னோரைத் தேடுதல் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் இவ்வரலாற்றை மனங்கொள்ளுதல் நன்று.

பெயர்களின் இயல்பை அறியாது பதிவேட்டைத் திறப்பதாற் பயனில்லை. நம்மவரிடம் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாகி அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். எனினும் பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கம் இதனை ஓரளவு ஈடு செய்கின்றது. கதிர்காமர் மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை மகன் கதிர்காமர் என்றவாறு இரு பெயர்கள் மாறிமாறி வரக்காணின் ஒரே குடும்பத்தை நோக்குகின்றோம் என ஐயுறலாம். உறுதி கூற வேறு சான்று வேண்டும். இங்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ஏட்டுத் தமிழிற் பேரன் என்பது மகனின் அல்லது மகளின் மகனைக் குறிக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ பேரன் என்பவர் பாட்டனார், பேத்தி என்பவள் பாட்டி. எழுதியவர் எந்த வழக்கைப் பின்பற்றினார் என்பதை நோக்காது பழைய உறுதியொன்றைப் படிப்பவர் வமிசத்தைத் தலைகீழாக்கிவிடக்கூடும்.

பெயரின் ஈறும் செய்தி தருவதே. கந்தன், கந்தர், கந்தப்பர், கந்தப்பிள்ளை ஆகியன மொழியியலில் ஒரே பெயரின் திரிபுகள். யாழ்ப்பாணச் சமுதாயத்தில் அவை ஒரே படியில் நிற்பனவல்ல. ஒருவருக்கு எந்த ஈறு பொருந்தும் என்பதைப் பெயருக்குரியவர் அன்றி, எழுதுகோலைப் பிடித்தவரே பல வேளைகளில் தீர்மானித்தார். கந்தன் என ஓர் ஏட்டிலும் கந்தர் என இன்னோர் ஏட்டிலும் வருபவர் ஒருவரேயாகவும் இருக்கலாம். இடைக்காலத்தில் அவர் சிறிது காணி வாங்கியிருக்கவும் கூடும்.

பதிவு இடாப்புகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் செல்லா. அவற்றுக்கு அப்பாற் செல்ல விரும்புவோர் காணி உறுதிகளை நாடுதல் வேண்டும். குடும்ப வரலாற்றுக்கு யாழ்ப்பாணத்தில் உறுதிக்கு நிகரான மூலம் வேறில்லை என்பது எமது கருத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியைக் கைமாற்றும் சாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படாவிடிற் செல்லாது என விதித்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு காணிப் பதிவு முறை உருவாகியது. நொத்தாரிசு தன் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். ஆகவே குடும்பத்தின் கையிலுள்ள பிரதி கறையானுக்கு இரையாகியிருப்பினும் வேறிடத்தில் அதன் துணைப்பிரதி இருத்தல் சாத்தியமே.

உறுதியை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு சிறு ஊர் வரலாறு. காணியின் பெயர், பரப்பும் குழியுமாக அதன் அளவு, அதிலுள்ள கிணறு, பனை, வான்பயிர், நான்கு எல்லைகள், எல்லைக்கு அப்பாலுள்ள காணிக்காரரின் பெயர்கள் என்பன அதில் முறையாக வரும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. கால் பரப்புக்கும் அதன் பாதிக்கும் உரிமை கொண்டாடும் உறுதிகளைக் காணும்போது நிலத்தின் சிறுமையையும் உரித்தாளரின் பெருக்கத்தையும் ஒருங்கே உணர்கின்றோம். விற்பவருக்குக் காணி எவ்வாறு வந்தது என்ற உரித்துக் கூற்றே நமக்கு மிக வேண்டியது. முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, தேடிய தேட்டமா, எவரின் மரணத்தின் பின் எவரெவருக்கு எவ்வாறு இறங்கியது என்பன அதிற் சொல்லப்படும். அங்கு குறிக்கப்படும் முந்தைய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் பற்றிக்கொண்டு அதற்கு முந்தையதைத் தேட வேண்டும். எல்லைக்காரரையும் புறக்கணித்தல் ஆகாது. தாய்க்காணி பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டால் உடன்பிறந்தோரே அயலவராவர். வடக்கு எல்லையில் நிற்கும் அறிமுகமற்ற பெயர் பூட்டனின் தமையனாக இருப்பது அரிதன்று.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற இச்சொற்கள் தேசவழமையின் சொற்கள். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி 1706-07இல் யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஒப்பிய வழக்கத் தொகுதி அது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். அத்தொகுதியின்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களைச் சேர்ந்தது; பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. தாயின் சீதனமாக வந்த வீடுவளவு மகளுக்குச் சீதனமாகி, அவள் மகளுக்கு மீண்டும் சீதனமாகும் வழக்கம் வேரூன்றியது. மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுதல் இன்றும் காணக்கூடியதே.

இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்னெழுத்து தந்தைவழியையே அறியும். பிறப்புப் பத்திரம் கேட்ட பாட்டனும் பூட்டனும் தந்தைவழியினரே. குலப்பெருமை பேசும் மாலைகளிலும் ஆடவரே நிறைந்துள்ளனர். சீதன உறுதியோ மகள், தாய், தாயின் தாய் என மேலேறிச் செல்கின்றது. வேறெந்தப் பதிவும் பெயர் சொல்ல அக்கறை கொள்ளாத பெண்கள் அங்கு பெயரோடும் ஊரோடும் காணியோடும் நிற்கின்றனர். ஒரே வளவின் சீதன உறுதிகள் தொடர்ச்சியாகக் கிடைக்குமாயின், தந்தைவழியைக் காட்டிலும் தாய்வழியை நெடுந்தூரம் தொடர்ந்து செல்லுதல் இயலும். நமது குடும்ப வரலாறுகள் தாய்வழியில் எழுதப்படாமைக்கு ஆவணமின்மையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

நீதிமன்ற ஏடுகளிற் பாகப்பிரிவினை வழக்குகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. பங்காளிகளின் உரித்தை விளக்கும் வமிசாவழியை வழக்கோடு தாக்கல் செய்தல் இலங்கையிற் கட்டாயமாகும். ஐந்தாறு தலைமுறைகளைக் கொண்ட கொடிவழிகளை அங்கு காணலாம். எனினும் அவை பங்கைப் பெறுவதற்காக வரையப்பட்டவை. வாரிசின்றி இறந்தார் எனக் குறிக்கப்படுபவர் சிலர் உண்மையில் வாரிசுடையவராகவும் இருந்திருக்கலாம். எதிரி தாக்கல் செய்த கொடிவழியையும் பக்கத்தில் வைத்தே அதனைப் படித்தல் வேண்டும். மரணசாசன வழக்குகளில் இறந்தவரின் உடைமைப் பட்டியலும் கிடைக்குமாதலின் அவர் எந்நிலையில் வாழ்ந்தார் என்பதும் தெரியவரும்.

பிரித்தானிய ஆட்சிக்கு முற்பட்டது தோம்புகளின் காலம். தோம்பு போர்த்துக்கேயச் சொல். லிஸ்பனிலுள்ள அந்நாட்டின் பெரும் ஆவணக்காப்பகம் இன்றும் அச்சொல்லாலேயே வழங்குகின்றது. போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண வரிப்பதிவை ஆதாரமாகக் கொண்டு பி. ஈ. பீரிஸ் 1920இல் வெளியிட்ட நூல் ஊர்களையும் அவற்றின் வருவாயையும் பற்றிய அரிய செய்திகளைத் தருகின்றது. ஒல்லாந்தர் காணித் தோம்பு, தலைத் தோம்பு என இருவகை ஏடுகளை வைத்திருந்தனர். முன்னது நிலத்தையும் மரங்களையும் உடையவரையும், பின்னது வரிக்கும் ஊழியத்துக்கும் உரிய ஆட்களையும் பதிவு செய்தது. 1697இற் பதவி நீங்கிய யாழ்ப்பாணக் கொம்மாந்தர் சுவார்தெக்குரோன் தமக்குப்பின் வருவோர்க்கு விட்டுச்சென்ற அறிவுறுத்தல்களிலே தோம்பைச் சீர்செய்யும் வேலை விரிவாகப் பேசப்படுகின்றது. பெயர் தோம்பில் ஏறினால் ஊழியம் உண்டு என்பதை அறிந்த மக்கள் அதில் ஏறாதிருக்க முயன்றிருப்பர் என்பதில் வியப்பில்லை.

தோம்பு கோவிற்பற்று அடிப்படையில் அமைந்தது. வடமராட்சியில் ஒல்லாந்தர் காலத்துக் கோவிற்பற்றுகள் பருத்தித்துறை, கட்டைவேலி, உடுப்பிட்டி என்னும் மூன்றே. இன்றைய கிராம அலுவலர் பிரிவை மனத்திற்கொண்டு தோம்பைத் தேடுவோர் திகைப்பர். ஊர்ப்பெயரின் எழுத்தும் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். பாறைமுனை என்ற பொருளில் மாலுமிகள் இட்ட பெயரே பின்னர் ஆங்கிலத்திற் பேதுருவின் பெயராகத் திரிந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். கோவிற்பற்றுத்தோறும் பாடசாலை இருந்தது. திருமுழுக்கும் திருமணமும் அங்கு பதியப்பட்டன. 1658 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய குருவானவர் பால்தேயு, பருத்தித்துறையிற் புளியமரத்தின் கீழ்ப் போதித்தமை பலரும் அறிந்ததே. அவர் காலத்து மக்கள் இரு பெயர்களோடு வாழ்ந்தனர். கோவிலேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஏட்டுப்பெயரை வீட்டுப்பெயரோடு இணைக்கும் சான்று கிடைக்காதவிடத்துத் தேட்டம் நின்றுவிடும்.

இப்பதிவுகளை முதலிற் குடும்ப வரலாற்றுக்குப் பயன்படுத்தியோர் தமிழரோ சிங்களவரோ அல்லர். இலங்கை அரசின் முதற் சுவடிக்காப்பாளரான ஆர். ஜி. அந்தோனிஸ் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தோன்றுவதற்கு அவரே முன்னின்றார். அச்சங்கத்தின் சஞ்சிகை கோவிலேடுகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கொடிவழிகளை வெளியிட்டது. ஐரோப்பியத் தந்தைவழியை நிறுவுவதே அதன் நோக்கமாகையால் உள்நாட்டுத் தாய்மார் அதிற் பலவிடங்களில் ஒரு திருமுழுக்குப் பெயராகச் சுருங்கிவிட்டனர். வைபவமாலை செய்ததையே வேறு கருவிகொண்டு இதுவும் செய்தது எனலாம்.

இனி, உறுதியும் இல்லாதவரின் நிலை யாது? ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் அடிமை முறை சட்டத்தால் ஏற்கப்பட்டிருந்தது. தேசவழமையிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதியுண்டு. கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதிகளைச் சேர்ந்தோர் பெருமளவில் அடிமைகளாகக் கணிக்கப்பட்டனர். அவர்களைத் தவிர, தமிழகத்திற் பஞ்சமும் போரும் நிகழ்ந்த ஆண்டுகளிற் சோழமண்டலக் கரையிலிருந்து மக்கள் விலைக்குக் கொண்டுவரப்பட்டனர்; 1694க்கும் 1696க்கும் இடையில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கரையிறங்கினர். அவர்கள் அரசின் ஏட்டில் ஏறியது தீர்வைக்குரிய தொகையாக. நாம் மேலே போற்றிய சீதனச் சாசனத்தின் மறுபக்கமும் இங்குதான் தெரியவருகின்றது. காணியோடும் நகையோடும் அடிமைகளும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர். ஒரு பெண்ணின் தாய்வழியைக் காத்துத்தரும் அதே ஓலை, இன்னொரு பெண்ணை அவள் தாயின் பெயரின்றிப் பொருளாக எண்ணி வைத்துள்ளது.

அடிமைகளைப் பதிவு செய்யுமாறு பிரித்தானிய அரசு 1818இற் பிரமாணம் விதித்தது. 1821ஆம் ஆண்டின் பிரமாணம் யாழ்ப்பாணத்தில் இச்சாதிகளின் பெண்குழந்தைகளைப் பிறப்பிலேயே விலைகொடுத்து விடுவிக்கும் வழியை வகுத்தது. அடிமைநிலை தாய்வழியே இறங்கியமையாற் பெண்ணை விடுவித்தல் வருந்தலைமுறையை விடுவித்தலாகும் என்பது அதன் கருத்து. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இவ்விடைக்காலத்தில் உடைமையாளர் தம் உரிமையைக் காக்கவெனக் கொடுத்த பதிவுகளும், அடிமையல்லேன் என வாதிட்டோரின் வழக்குகளும் ஒடுக்கப்பட்ட மக்களின் முன்னோரைப் பெயரோடு காட்டும் மிகச்சில ஆவணங்களுட் சேர்வன. நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட நூல் இத்தகைய ஏடுகளிலிருந்து தனி மனிதரின் வாழ்வை மீட்டெடுக்கலாம் என்பதைக் காட்டியுள்ளது. தமிழில் இவ்வகை ஆய்வு போதியளவு நடைபெறவில்லை. அடிமைப்பதிவில் தன் பூட்டனின் பூட்டியைக் காணும் ஒருவர் நாணுவதற்கு எதுவுமில்லை. உடைமையாளர் நிரலில் தன் முன்னோரைக் காண்பவருக்கே சில கேள்விகள் எழுதல் வேண்டும். பின்னவர் தம் குடும்ப வரலாற்று நூலில் அந்த ஏட்டைச் சேர்ப்பதில்லை.

மிசன் பாடசாலைகளின் இடாப்புகளையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். பருத்தித்துறையில் 1838இல் வெசுலியன் மிசனாரால் தொடங்கப்பட்டுப் பின்னர் ஹாட்லிக் கல்லூரியான பாடசாலையைப் போன்றவை தத்தம் சேர்விடாப்புகளை உடையன. அமெரிக்க மிசன் மாணவர்க்கு அந்நாட்டு உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டதால், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் தோன்றின. அயற்பெயரைக் கண்டு கலப்புமணம் என ஊகித்தல் ஆகாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்றோரைப் புகையிரதப் பகுதியினதும் ஏனைய திணைக்களங்களினதும் உத்தியோகத்தர் நிரல்களில் தேடலாம். கடலோடிகளின் நிலை வேறு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் பேர்பெற்றுவிட்டது. அதுபோன்ற கப்பல்களில் ஓடியவர் பெயர்களைக் காணித் தோம்பில் அன்றித் துறைமுக, சுங்க ஏடுகளிலேயே எதிர்பார்த்தல் வேண்டும்.

ஆவணங்களின் இன்றைய நிலை கவலைக்குரியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1987இல் வடமராட்சியிலும் 1995இல் வலிகாமத்திலும் நிகழ்ந்த படைநடவடிக்கைகளின்போது மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பருத்தித்துறைக் கரையோர வீடுகளிலிருந்த பெட்டிகளையும் கொண்டுசென்றது. இவற்றின் பின் உறுதியைத் தேடுதல் வரலாற்று ஆர்வம் மட்டுமாக இல்லை. பத்தாண்டு காலம் எதிரிடையாக ஆட்சி செய்தவர் உரித்துக் கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. போரினால் தம் காணிக்குச் செல்லமுடியாதிருந்தோரை அவ்விதியினின்றும் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பயனைப் பெற விரும்புபவரும் காணி தமக்கு எவ்வழியில் வந்தது என்பதைக் காட்டியே ஆதல் வேண்டும். காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கென 2010இல் இயற்றப்பட்ட தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் இன்னும் கடினமான தெரிவொன்றைக் குடும்பங்களின் முன் வைத்தது. பதிந்தாற் காணி பிள்ளைகளுக்கு இறங்கும். பதியாவிடின் அவர் உயிரோடிருக்கலாம் என்ற நம்பிக்கை நிலைக்கும். பதிவேட்டில் வெறுமையாக விடப்பட்ட அந்த இறப்புகளை நாளைய ஆய்வாளர் கவனக்குறைவு எனக் கொள்ளுதலாகாது.

தேசிய சுவடிகள் திணைக்களத்திலுள்ள ஒல்லாந்தர் ஏடுகளும், ஹேக் நகரிலுள்ள கும்பனி ஆவணங்களும் உலக நினைவகப் பதிவேட்டில் 2003இற் சேர்க்கப்பட்ட தொகுதியைச் சார்ந்தவை, அவற்றுக்குப் பாதுகாப்புண்டு. ஆயின் 17ஆம் 18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்தை வாசிக்கவல்ல தமிழ் மாணவர் மிகச் சிலரே. அப்பயிற்சியை வரலாற்றுப் பாடநெறியோடு இணைத்தல் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய பணி. வீடுகளின் தகரப்பெட்டிகளிலும் பழைய நொத்தாரிசுமாரின் பிள்ளைகள் வசமும் எஞ்சியுள்ள உறுதிகளையும் சீதன ஓலைகளையும் படமெடுத்து நிரற்படுத்துவதற்கு ஒல்லாந்த மொழி தேவையில்லை. வடமராட்சியின் மூன்று பழைய கோவிற்பற்றுகளையும் எல்லையாகக் கொண்டு இவ்வேலையைத் தொடங்கலாம். நிரலிற் கொடுத்தவர், பெற்றவர், சாட்சிகள், எல்லைக்காரர் ஆகியோரோடு, சாசனத்திற் பொருளாகக் கொடுக்கப்பட்ட மனிதரின் பெயர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படல் வேண்டும்.